நான்காவது வரி

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஜெர்மன் பேசும் ஊரான எம்மன்புரூக்கேயில் இருந்த மாமா படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கினார். அது அவருடைய நெடுநாள் ஆசை. மாமிக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"ஒருநாள் ஹீட்டர் எரியாட்டிலும் வித்துப்போட வேணும். சரியோ?"

"ஓமப்பா, ஓம்" என்று மாமா சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார்.

கோயிலில் வண்டிக்குப் பூசை. சந்தனப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. கதவு, கண்ணாடி, நாலு சில்லு என்று வைத்துக்கொண்டு வந்தவள், பக்கச் சுவரில் சின்னக் குழாய் ஒன்று வாயைத் திறந்தபடி இருக்கக் கண்டேன். அப்போதே நான் எல்லாவற்றுக்கும் பயந்தவள். அதற்குள்ளால் எலியோ பாம்போ வந்துவிட்டால்? மிஞ்சிய சந்தனத்தைச் செவ்வந்திப் பூவோடு பிசைந்து இறுக அடைத்துவிட்டேன்.

ஒக்டோபரில் எல்லோருமாக மலைக்குப் போனோம். பின்னேரமே பனி கொட்டத் தொடங்கியது. மாமா ஹீட்டரைப் போட்டார். காற்றாடி சுற்றியது, டிக் டிக்கென்று பொறி தட்டியது, பிறகு சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுபோனது. திரும்பத் திரும்ப அதேதான்.

"அடுப்பு எரியுது, அப்ப காஸ் இருக்கு. பிறகென்ன வருத்தம் இதுக்கு?"

"அதுக்கும் உங்களைப் பிடிக்கேல்லையாக்கும்" என்றார் போர்வைக்குள் இருந்த மாமி.

மாமாவுக்கு ஜெர்மன் பேச வரும், வாசிக்க வராது. வண்டியோடு வந்த புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "பிள்ளை, எரியாட்டி என்ன பாக்கச் சொல்லியிருக்கு? வாசி."

சிலிண்டரைப் பார்க்கவும் என்றேன். மாற்றினார். பற்றரி என்றேன். பார்த்தார். பியூஸ் என்றேன். கழற்றிப் பூட்டினார். நான்காவது வரியில், வெளியே புகைக்குழாய் அடைபட்டிருக்கிறதா பார்க்கவும் என்றிருந்தது. பக்கத்தில் படமும் இருந்தது. அதே குழாய். புத்தகத்தை மூடினேன்.

"வேற என்ன?"

"அவ்வளவுதான் மாமா."

அன்றே திரும்பிவிட்டோம். மாமா சொன்ன சொல் மாறவில்லை, வண்டியை விலைபேசி விற்றுவிட்டார். இன்றைக்கும் யாராவது ஒரு கடிதத்தை நீட்டி வாசித்துச் சொல் என்றால், ஒரு வரியும் விடாமல் இரண்டு தரம் வாசிக்கிறேன். அப்போதும் முகம் சுடுகிறது.

வண்டியை வாங்கியவர் வரவிருந்த நாளில் மாமா அதைக் கழுவினார். நான் வாளி பிடித்தேன். குழாயை விரலால் தோண்டியவர் மஞ்சள் கட்டியொன்றை வெளியே எடுத்தார். காய்ந்த இதழ்கள் உதிர்ந்தன. மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார்.

"என்னப்பா அது?" என்றார் வாசலில் நின்ற மாமி.

"குளவி கூடு கட்டியிருக்கு" என்று சொல்லி, கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமாவுக்கு மணமே பிடிபடவில்லை என்று நினைத்து, அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.