திரைக்கு இந்தப் பக்கம் சொன்ன பறவைகள்

அந்தத் திரை, பழைய படுக்கை விரிப்பு ஒன்றை வெட்டித் தைத்தது. பச்சை நிறம், கீழ்ப்பக்கம் சாயம் போய் வெளிறியிருந்தது. என் அண்ணன், அதாவது நானா, மவுத்தான அன்று பின்னேரமே உம்மா அதை மதினியின் அறை வாசலில் கட்டிவிட்டார். எங்கள் ஆட்களில் கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். கணவனின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நிய ஆண்தான். முதல் நாள் வரை அவர் கையால் சோறு வாங்கித் தின்றவன், மறுநாள் முதல் திரைக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து பேச வேண்டியவனானேன். அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் முகம் தெரியாது. அதை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டேன்.

நானாவுக்குக் கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. பின்னறையில் கண்ணாடி தேய்ப்பது என் வேலை. வீடு கட்டுகஸ்தோட்டையில். நானாவுக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்றவர்கள் கலியாண வீடு, சொந்தக்காரர் வீடு என்று கிளம்ப, இவர்கள் இருவரும் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு பைனாகுலர், பிளாஸ்க், ஒரு கொப்பி, பென்சில் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பல்லேகல தாண்டி, திகன தாண்டி, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஒரு சின்னக் குடா. வடக்கே குளிர் தாங்காமல் இறங்கி வரும் பறவைகளை நவம்பர் முதல் மார்ச் வரை அதே கரையில் இருந்து பார்த்து எழுதுவது அவர்களுடைய வேலை. பதினொரு வருடம் ஒரு ஞாயிறும் விடவில்லை. தெருவில் பார்ப்பவர்கள் மீன் வாங்கவா போறீங்க என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானாவும் சேர்ந்து சிரிப்பார்.

என்னையும் ஒருமுறை கூட்டிப் போனார். எனக்கு ஓர் இடத்தில் இருக்கப் பிடிக்காது. சும்மா உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். இருபது நிமிடம் ஆகியிருக்காது, நானா என் முழங்காலில் கையை வைத்து அமுக்கி, "டேய், ஒன்ட கால் ஆட்டத்துக்கு அந்தக் கரையில நிக்கிற ஆனையும் ஓடும்" என்றார். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு அதே கரையில்தான் நானா சரிந்தார். நெஞ்சு வலி. மதினி கத்திய கத்தலுக்கு வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்து தூக்கியிருக்கிறார்கள். பாதைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நானாவுக்காகக் கத்தம் ஓதி ஆட்கள் கலைந்த பிறகு, திரைக்குப் பின்னாலிருந்து மதினி என்னிடம் கேட்ட முதல் விஷயம் இதுதான்: "தம்பி, எனக்கு வெளிய எறங்க ஏலாது. இந்த முற கொப்பி வெறுமையா போயிரும். ஞாயித்துக்கிழமயில நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா நான் எழுதிக்குவேன்." குரல் நூலாக இருந்தது. முன்னறைக் கதிரையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த உம்மா, "இந்தக் குருவிக் கணக்கையா மறுமயில கேக்கப் போறாங்க?" என்று முணுமுணுத்தார். நான் சரி மதினி என்றேன். அப்போது மாட்டேன் என்று சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்?

முதல் ஞாயிறு போனேன். பொய் இல்லை, போகத்தான் செய்தேன். பஸ்ஸை விட்டிறங்கி, குடாவுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கடைசி வீடு வரை நடந்தேன். அதற்குக் கீழே காலை வைக்க முடியவில்லை. பயம்தான், வேறு பெயர் ஒன்றும் அதற்கு இல்லை. இந்தப் பாதையில்தானே அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து சந்தியில் தேத்தண்ணிக் கடையில் மூன்று பிளேன்டீ குடித்தேன். பத்து மணிக்கு வீட்டில் இருந்தேன்.

"வந்திட்டீங்களா தம்பி? தண்ணி எவ்வளவு?"

"கொஞ்சம் கீழ, மதினி."

"வாலாட்டி வந்திச்சா?"

"வந்திச்சி."

உள்ளே பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. எத்தனை, எந்தப் பக்கம், வாலை ஆட்டிக்கொண்டு நடந்ததா பறந்ததா என்று அடுத்தடுத்துக் கேள்வி. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வேர்த்துப் போய் வெளியே வந்தேன்.

அடுத்த வாரத்துக்குள் புத்தி வேலை செய்தது. பெயர்களைப் படித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிப் பழைய கொப்பி ஒன்றைக் கேட்டேன். அவர் சந்தோஷமாக உம்மா கையில் கொடுத்தனுப்பினார். எல்லாம் அதில் இருந்தது: நானாவின் சாய்ந்த கையெழுத்தும் மதினியின் உருண்டைக் கையெழுத்தும் மாறி மாறி. சேற்றில் உள்ளான் ஏழு. பழைய சுவரில் கீச்சான் ஒன்று. தண்ணீருக்கு மேலே ஆலா பன்னிரண்டு. ஏழைப் பத்தாக்கி, பன்னிரண்டை ஒன்பதாக்கி, கடையிலிருந்தபடியே என் ஞாயிறுகளைத் தயாரித்தேன். அது ஒரு வறண்ட வருடத்துக் கொப்பி என்பதை நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் வற்றினால்தான் அங்கே சேறு தெரியும், நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிப்போன பழைய ஊரின் சுவர்கள் வெளியே வரும். அந்த டிசம்பரோ மழை மழையென்று கொட்டித் தீர்த்தது. ஒருமுறை மதினி, "இவ்வளவு மழைக்குமா தம்பி சேறு தெரியுது?" என்று கேட்டார். மேலே மலைப்பக்கம் மழை இல்லையாம் என்று ஒரு போடு போட்டேன்.

ஆனால் என்னால் நிறுத்த முடியாமல் போனதற்கு வேறு காரணம் இருந்தது. வாரத்துக்கு வாரம் திரைக்குப் பின்னாலிருந்த குரல் தேறி வந்தது. ஐந்தாம் ஞாயிறு, குளிக்கத் தடை என்று எழுதிய பலகையின் மேல் ஒரு கீச்சான் உட்கார்ந்து ஊரையே அதட்டுகிறது என்று நான் கதை அளந்தபோது மதினி சத்தமாகச் சிரித்தார். நானா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. உம்மாகூட நிமிர்ந்து பார்த்தார். ஞாயிறு காலை அவர் பசித்துச் சாப்பிடுகிறார் என்று உம்மா சொன்னார். நான் கடையில் கண்ணாடியைத் தேய்க்கும்போது இரண்டு சோடியை உடைத்தேன்.

ஏழாம் ஞாயிறுதான் என் புத்தி கெட்டது. விராலடிப்பான் என்று ஒரு பறவை உண்டு. மீனை மட்டுமே தின்னும் பருந்து. வெள்ளைத் தலை, கண் வழியாக ஒரு கறுப்புக் கோடு. வேறு குளங்களுக்கு வரும். இந்தக் குடாவுக்கு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு பருவமும் கொப்பியின் முதல் பக்கத்தில் நானா அதன் பெயரை எழுதி, எதிரே இடம் விட்டு வைப்பார். பதினொரு வருடமும் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. மதினிக்குச் சந்தோஷம் கொடுக்கிறோம் என்ற நினைப்பில், "பட்ட மரத்துல விராலடிப்பான் ஒண்டு ஈந்திச்சி மதினி" என்றேன்.

பென்சில் ஓடவில்லை. பிறகு அவர் அழுதார். நானா போன அன்றுகூட நான் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. "ரெண்டு மாசம், தம்பி. ரெண்டு மாசம் முந்தி வந்திருக்கக் கூடாதா? அவர் பாக்காமலே போயிட்டாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கதிரையை விட்டு எழும்பினேன், உட்கார்ந்தேன், மறுபடி எழும்பினேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

அதோடும் நிற்கவில்லை. இந்தக் கணக்குகளை எல்லாம் சேர்க்கும் விரிவுரையாளர் ஒருவருக்கு மதினி போன் செய்து சொல்லிவிட்டார். அவர் வரும் ஞாயிறு நாலைந்து பேரோடு வருகிறாராம்; இடத்தைக் காட்ட நான் போக வேண்டுமாம்.

இடையில் பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது. விடிந்ததும் பஸ் ஏறினேன். ஒரு விராலடிப்பான் நிஜமாகவே வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் துஆ கேட்டுக்கொண்டு போனேன். இப்படி ஒரு துஆவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த முறை கடைசி வீட்டைத் தாண்டி இறங்கினேன். தண்ணீர் கரை முட்ட நின்றது. சேறு இல்லை. சுவர் இல்லை. நான் உள்ளான்களை நிறுத்திய இடமெல்லாம் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே கிடந்தது. பட்ட மரத்தின் நுனியில் இரண்டு கிளைக் கவர் மட்டும் வெளியே தெரிந்தது. அதில் ஒரு நீர்க்காகம் சிறகு காய வைத்துக்கொண்டிருந்தது. நானா வழக்கமாக உட்காரும் கல்லும் முழுகிவிட்டிருந்தது. அதற்கு மேலே ஈரப் புல்லில் உட்கார்ந்து, அவர் போய் ஏழு வாரம் கழித்து, முதல் முறையாக அவருக்காக அழுதேன். கால் மட்டும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நின்றபடியே சொன்னேன். "மதினி, நான் ஒரு ஞாயிறும் கீழ எறங்கல்ல. எல்லாம் பழைய கொப்பியப் பாத்துச் சொன்னது."

உம்மாவின் கையில் தஸ்பீஹ் நின்றது.

"விராலடிப்பான்?" என்று கேட்டது திரைக்குப் பின்னால் குரல்.

"வரல்ல மதினி."

"உண்மயாவே வரல்லயா?"

"இல்ல."

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "அப்ப அவர் எதையும் பாக்காம விட்டுட்டுப் போகல்ல."

திட்டுவார் என்று காத்து நின்றவனுக்கு இது விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இறப்பரால் தாளைத் தேய்க்கும் சத்தம் வந்தது. நீண்ட நேரம் தேய்த்தார். ஏழு ஞாயிறு அல்லவா? கடைசியில், "தண்ணி எவ்வளவு எண்டு கேட்டனே, அதயாவது பாத்துச் சொல்லியிருக்கலாம். போங்க தம்பி, ஒங்கட குரல இண்டக்கி எனக்குக் கேக்க ஏலாது" என்றார். விரிவுரையாளருக்கும் அவரே பேசினார். பிழையாகப் பார்த்துவிட்டோம் என்று மழுப்பவில்லை. பார்க்கவில்லை, பார்க்காமல் சொல்லிவிட்டோம் என்று சொன்னார். முன்னறையில் நின்று அந்தச் சொல்லைக் கேட்ட வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை உம்மாதான் தூது வந்தார். "நாளக்கிப் போவச் சொல்றா. இல்லாதத இல்ல எண்டே சொல்லச் சொல்றா." போனேன். நீர்க்காகம் நான்கு, வாலாட்டி ஒன்று, ஆட்டோ கழுவும் ஆள் ஒருவர். அவ்வளவையும் அவர் எழுதிக்கொண்டார். ஆட்டோக்காரரை மட்டும் விட்டுவிட்டார். இத்தா முடியும்வரை ஒரு ஞாயிறும் நான் தவறவில்லை. ஏப்ரலில் அவர் வெளியே வந்ததும் உம்மாவையும் ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். வந்த பறவைகளெல்லாம் திரும்பிப் போய்விட்டிருந்தன. மதினி கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா ஆட்டோவுக்குள்ளேயே தூங்கிவிட்டார்.

இது நடந்து ஐந்து வருடம். கடையை இப்போது நானும் மதினியும் பார்த்துக்கொள்கிறோம். பருவம் தொடங்கினால் ஞாயிறு தவறாமல் போகிறோம். ஒவ்வொரு கொப்பியின் முதல் பக்கத்திலும் மதினி அந்தப் பெயரை எழுதி எதிரே இடம் விடுகிறார். நான் சொல்வதை எழுதும் முன்பு மட்டும் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார். அது எனக்கு வலிக்கும். அவர் அறிந்து செய்கிறாரா என்று கேட்டதில்லை.

இந்த ஜனவரியில் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டதால் ஒரு ஞாயிறு தனியாகப் போனேன். அன்று அது வந்தது. முதலில் கடற்பருந்து என்றுதான் நினைத்தேன். தண்ணீருக்கு மேலே ஓரிடத்தில் சிறகடித்தபடி நின்றது, இரண்டு காலையும் முன்னே நீட்டிக்கொண்டு விழுந்தது, உடம்பை உதறிக்கொண்டு மீனோடு எழும்பியது. என் தலைக்கு மேலே போகும்போது கண்ணோரக் கறுப்புக் கோட்டைத் தெளிவாகப் பார்த்தேன். போன் சட்டைப்பையிலேயே இருந்தது. படம் எடுக்கத் தோன்றவே இல்லை.

வீட்டில் மதினி எண்ணெய்த் துணி சுற்றிய காலை நீட்டிக்கொண்டு கொப்பியோடு காத்திருந்தார். "எனத்த ஈந்திச்சி தம்பி?" நீர்க்காகம், ஆலா, வாலாட்டி எல்லாம் சொன்னேன். "வேற?" என்று என் முகத்தைப் பார்த்தார். "அவ்வளவுதான் மதினி" என்றேன்.

இரண்டு மாதமாக இது என்னை இருக்க விடவில்லை. அவர் நம்பாமல் போய்விடுவாரோ என்று பயந்தேன்; அது ஒரு பாதி. நம்பிவிட்டால், நானா எதையும் பாக்காம விட்டுட்டுப் போகல்ல என்று அவர் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஆறுதலை நானே பிடுங்கியவனாவேனே, அது மறு பாதி. இல்லாததை இருக்கிறது என்றவன் இப்போது இருந்ததை இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டையும் அவர் மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தேன் என்று எனக்குள் நியாயம் பேசிப் பார்க்கிறேன், எடுபடவில்லை. நேரே போய்ச் சொல்ல மூன்று முறை அவர் முன்னால் உட்கார்ந்து மூன்று முறையும் எழும்பி வந்துவிட்டேன். இந்தச் சஞ்சிகை எங்கள் வீட்டுக்கு வரும். முதலில் பிரிப்பவர் மதினிதான்.

மதினி, கொப்பியை எடுங்கள். ஜனவரி, மூன்றாவது ஞாயிறு. காலை ஏழே கால். தண்ணீர் கரை முட்ட. விராலடிப்பான், ஒன்று. கிழக்குக் கரையிலிருந்து வந்து, மீனைப் பிடித்துக்கொண்டு தெல்தெனியப் பக்கமாகப் போனது. நான் பார்த்தேன்.