முழுசாகப் பார்த்த ஒரே படம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் முதல் ஜன்னல் சீட் ஒரு சீனியர் அண்ணனுடையது. பாகங்கள் தேறுமா தேறாதா என்று சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. சட்டையில் மடிப்புக் கலைந்து பார்த்ததில்லை. மெஷின் சத்தத்துக்குக் காதை அடைக்கும் ஆரஞ்சு நிற இயர் ப்ளக் வீட்டுக்குப் போகும்போதும் கழுத்தில் தொங்கும்.

தமிழ் சினிமாவின் தலையெழுத்து அந்த சீட்டில்தான் தீர்மானமாகும். புதுப் படமோ சீரிஸோ, போனில் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் பார்ப்பார். “ரிஜெக்ட்” என்பார். எப்போதாவது மனம் இரங்கினால் “ரீவொர்க்”, அதாவது சரிசெய்தால் தேறும். எட்டு எபிசோட் சீரிஸ் ஒன்றை பஸ் பாதி வழி போவதற்குள் முடித்துக் கட்டினார். நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்து அழுத சீரிஸ் அது.

“முழுசா பாக்காம எப்டிண்ணே சொல்றீங்க?” என்றேன்.

“இன்னாப்பா, ஒரு லாட்டுல ஆயிரம் பீஸ் வந்தா எல்லாத்தையுமா செக் பண்றோம்? மூணு எடுத்துப் பாத்தா தெரியாது?”

“ஒரு படமாவது முழுசா பாத்திருக்கீங்களா?”

“ஒண்ணு பாத்துகீறேன். கல்யாணம் ஆன புதுசுல, தியேட்டர்ல. வூட்டுக்காரி நடுவுல எழுந்துக்க வுடல.”

“அது எப்டி இருந்துச்சு?”

கம்பெனி கேட் வந்துவிட்டது.

“அத்த இன்னான்னுப்பா சொல்றது” என்று இறங்கிப் போனார்.

மறுநாள் வழக்கம்போல் இரண்டு படங்களை ரிஜெக்ட் செய்தார். நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை, அந்த ஒரு படத்துக்கு மட்டும் முடிவு சொல்லவேயில்லை.