அமுங்காத தளம்

வேலை நடக்கிற இடத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது. கொத்தனாரிலிருந்து சிமெண்ட் இறக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளை. கான்ட்ராக்டரின் ஒரே மகளைக் கட்டியவன், அவர் ஆபீசில் வரைபடம் போடுகிறவன், அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறவன். முந்தைய கம்பெனி மூடியபோது, "நான் இருக்கேன்ல மாப்ள" என்று மாமா ஒரு மேஜையைக் காட்டினார். அன்று உட்கார்ந்தவன்தான். மாமா கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அந்த வசதியும் அவனுக்கு வாய்க்கவில்லை.

இப்போது வெளியூர் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருந்தது. மாதம் பிறந்ததும் சேர வேண்டும். மாமா மறுநாள், "இந்த ஜிம் தளத்தை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றார். மனைவி அன்றைக்கே அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்தாள்.

ஜிம் மாடியில். அதன் நேர் கீழே கண் டாக்டரின் ஆபரேஷன் அறை. மேலே ஒருவன் இரும்பைப் போட்டால் கீழே மைக்ரோஸ்கோப் துள்ளும். அதனால் பழைய தரையில் ரப்பர் கட்டைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, மேலே பலகை, பலகைமேல் கான்கிரீட். சுவரோரம் சுற்றிலும் பஞ்சுப் பட்டை. புதுத் தளம் கட்டடத்தில் எதையும் நேரே தொடக் கூடாது.

சூட்சுமம் கட்டைகளின் எண்ணிக்கையில் இருந்தது. கூடினால் ஒவ்வொன்றின் மேலும் பாரம் குறையும். பாரம் குறைந்தால் அமுங்காது. அமுங்காத ரப்பரும் கல்லும் ஒன்றுதான்.

மாமா பலகைமேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மெத்தை மாதிரி இருக்கு? ஜிம்முக்கு வர்றவன் படுத்துத் தூங்கிடுவான்."

"அமுங்கணும் மாமா. அமுங்கினாத்தான் அதிர்ச்சி கீழ போகாது."

"கெட்டியா நிக்க வேண்டாமா?"

"வேண்டாம் மாமா."

மாமா தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுவார்.

கான்கிரீட் போட்ட அன்று, புது ஊரில் வீடு பார்த்துவிட்டு வரச் சொல்லி மகளையும் மருமகனையும் பஸ் ஏற்றிவிட்டவரும் அவரே.

தளம் காய்ந்த பிறகு சோதனை. கொத்தனார் மேலே எடைக்கட்டையைப் போட, கீழே மைக்ரோஸ்கோப் திரையில் படம் எகிறிக் குதித்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முன்னைக்கு இது பரவால்ல. ஆனா இதை நம்பி ஒருத்தர் கண்ணுல கத்தி வைக்க முடியாது."

அவன் மாடிக்கு ஓடிப் பஞ்சுப் பட்டையை விலக்கினான். கான்கிரீட்டுக்கு முன்பு சுவரில் போட்டிருந்த பென்சில் கோட்டிலேயே பலகை விளிம்பு நின்றது. அத்தனை கான்கிரீட்டைச் சுமந்தும் தளம் துளிகூட இறங்கவில்லை. செல்போன் வெளிச்சத்தை இடுக்கில் அடித்தான். அவன் வைக்கச் சொன்ன கட்டைகளுக்கு நடுவே வேறு கட்டைகள்.

கொத்தனார் பிடரியைச் சொறிந்தார். "பெரியவர்தான் நடுநடுவுல ஒண்ணு சொருகச் சொன்னாரு. மாப்ளைக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னு."

மாமா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். பின்னாலேயே டாக்டர்.

"இது யாரோட கணக்கு?" என்றார் டாக்டர்.

ஒரு வார்த்தை போதும். அவன் மாமாவைப் பார்த்தான். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"என்னோடதுதான் சார். உடைச்சுட்டு மறுபடி போட்டுத் தர்றேன்."

இதைத் தியாகம் என்று அவன் நினைக்கவில்லை. சரி என்றுகூட நினைக்கவில்லை. வாய் அப்படிப் பழகியிருந்தது.

சாயங்காலம் மனைவி பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கம்பெனிக்காரங்க காத்திருப்பாங்களா?"

"மாட்டாங்க. கேட்டுட்டேன்."

"எங்கப்பாகிட்ட, உங்க தப்புன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்றியா?"

அவள் சமையல் பாத்திரப் பெட்டியின் டேப்பைக் கிழிக்கத் தொடங்கினாள்.

வாசலில் மாமா. கண் சிவந்திருந்தது. "இனிமே நீங்க சொன்னதுக்கு மேல ஒண்ணுகூட வைக்க மாட்டேன் மாப்ள. நீங்க பக்கத்துலயே இருந்து பாத்துக்கங்க."

"சரி மாமா."

காலியான பெட்டி ஒன்று அவர் காலில் இடித்தது. குனிந்து எடுத்து, மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அடுத்ததையும் எடுத்தார். அவன் எழுந்தான்.

"நீங்க உக்காருங்க மாப்ள," என்றார். "நான் இருக்கேன்ல."