மதினி கொடுத்த மருந்து

கனடாவில் பிள்ளை பெற்றால் வாழ்த்துக்கு முன்னால் சொட்டு மருந்து வந்துவிடும். மகள் பிறந்து ஒரு வாரம் ஆகவில்லை. வாசலில் பனி குவிந்து கிடந்தது. வீடு தேடி வந்த நர்ஸ், "வைட்டமின் டி கொடுக்கிறாயா?" என்றாள். "என் பிள்ளைக்கு என்ன கேடு?" என்றேன். "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள். எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பதுதான்" என்றாள். நோயில்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுத்த தோலுக்கு அது இன்னும் அவசியமாம், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனாலும் கொடுத்தேன், தினமும் ஒரே ஒரு சொட்டு. அந்தப் பாட்டிலில் ஒரு நாள் அளவே அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் தென்காசிக்கு வந்தோம். இந்தச் சனியனைத் தலைமுழுகலாம் என்று பார்த்தால், என் கணவரின் அக்கா வீட்டு அலமாரியிலும் அதே மருந்து! மதினிக்கும் கைப்பிள்ளை. தாய்ப்பாலில் அந்தச் சத்து போதாதென்று உள்ளூர் டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இங்கே மருந்தில் வீரியம் குறைவு, அதனால் அளவு மட்டும் வேறு, மருந்தை உறிஞ்சி ஊற்றும் ஃபில்லரில் கோடு வரைக்கும். சாரல் காற்று பட்டுவிடும் என்று மதினி ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டாள். நான் திறந்தால், "வெள்ளைக்காரி வந்துட்டா" என்பாள். அங்கே நான் ஒன்றும் தெரியாதவள், இங்கே வெள்ளைக்காரி. எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஒரு நாள் பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். ஈரத்தலையோடு திரும்பினால், "ஒம் மருந்த நானே குடுத்துட்டேன். எம் பய ஃபில்லர்ல, கோடு வரைக்கும்" என்கிறாள், பெருமையாக.

எனக்கு உயிரே போய்விட்டது. "அதுல ஒரு சொட்டுதான் மதினி ஒரு நாளைக்கு! ஒரு மாச மருந்த ஒரே வாயில ஊத்தியிருக்கீங்க!"

"எம் பயலுக்கு முழு ஃபில்லரு, ஒம் மவளுக்கு ஒத்தச் சொட்டான்னு நெனச்சேன். ஓரவஞ்சன பண்ணுதான்னு நாளைக்கு நீதான் சொல்லுவ."

மதினி பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "ஒரு தடவதான? பயப்படாதீங்க. தெனமும் இப்படிக் குடுத்திருந்தா வம்பாயிருக்கும். நான் சொல்லுத வரைக்கும் நிறுத்துங்க. ரெண்டு பாட்டிலும் ஒரே வீட்ல இருக்கக் கூடாது" என்றார்.

வெளியே வந்ததும், "இனிமே எம் புள்ளயத் தொடாதீங்க" என்றேன்.

"எந் தம்பி புள்ளைக்கு நான் வெஷமா வச்சேன்?" மதினியின் குரல் உடைந்தது. "நீ வர நேரமாச்சு. பசியில வீல்வீல்னு கத்துனா. எம் பாலத்தான் குடுத்தேன். அதையும் உள்ள போய் டாக்டர்ட்ட சொல்லணுமா?"

எனக்குக் கோபம் இறங்கவில்லை. அவள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டேன். என் மகள் அழுதுகொண்டே அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.