வடக்குச் சுவருக்கு ஒரு மழைக்கோட்டு

பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரிக்கு இரண்டு எஜமானர்கள்: ஒருவர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் மஞ்சாக, அதாவது மலைப் பனிமூட்டமாக, ஜன்னல் வழியே வந்து போவார். ஈரச் சுவரோடு மாரடித்தவர்களே, உங்களுக்கு இது புரியும். ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் டவுன் ஆபீஸில் எனக்கு மராமத்து மேஸ்திரி வேலை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கல் கட்டடங்கள் நாலைந்து என் பொறுப்பு. அதில் ஏரிக்கு மேலே இருந்த ரீடிங் ரூம் மீது எனக்குத் தனிப் பிரியம்.

ஆளில்லாத புகை

சீசன் முடிந்ததும் ரீடிங் ரூமை மூடிவிடுவார்கள். மூடிய கட்டடத்தை மஞ்சு தின்றுவிடும். அதனால் மழைக்காலம் முழுக்க அங்கே போய்க் கணப்பு மூட்டுவது என் சோலி. விறகைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், வெளியே முதலில் ஏரி காணாமல் போகும், அப்புறம் மரங்கள். கட்டடம் என்னையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக எங்கோ மிதந்து போகிற மாதிரி இருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு கனாக் காண்கிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும், சுகமாகவும் இருக்கும்.

ஒருநாள் கதவு இடிபட்டது. புதிதாக மாற்றலாகி வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர். புகையைப் பார்த்து, யாரோ குடியேறிவிட்டார்கள் என்று பிடிக்க வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். நெருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, என் வீட்டுல சோறாக்கவே விறகு இல்ல. இங்க சுவரு குளிர் காயுதா?"

பேச்சியம்மாவின் விரல்

வடக்குச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர ஆரம்பித்தது. சுண்ணாம்பு அரைத்துப் புளிக்கவைத்துப் பூச நாளாகும். நான் பெரிய புத்திசாலி அல்லவா? ஆபீஸில் கிடந்த சிமெண்டை எடுத்து உள்ளும் புறமும் வழவழவென்று பூசிவிட்டேன். அடுத்த மழைக்குள் சுவர் கறுத்து நீர் கோத்துக்கொண்டது. ஆபீஸில் அதைப் பார்த்துவிட்டு 'ஆபத்தான கட்டடம்' என்று எழுதி, இடித்துவிடலாமா என்று சொல்ல மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியரை வரச்சொன்னார்கள்.

பள்ளங்கி கிராமத்திலிருந்து சுண்ணாம்பு வேலைக்கு வரும் பேச்சியம்மாவிடம் சுவரைக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தாள்.

"நனைஞ்ச ஆளுக்கு மேல மழைக்கோட்ட மாட்டிவிட்டா எப்படிங்க காயும்? வெரசா கொத்தி எடுங்க, மேஸ்திரி."

இரண்டு வார நெருப்பு

கொத்தினால் என் கோளாறு ஆபீஸுக்குத் தெரிந்துவிடும். கொத்தவில்லை. இன்ஜினியர் வர இரண்டு வாரம் இருந்தது; அதற்குள் சுவரைக் காயவைத்துவிடலாம் என்று தினமும் வெள்ளனே போய்க் கணப்பு மூட்டினேன். நான் போகும்போது மஞ்சு படியில் படுத்துக்கிடக்கும். மூன்று சுவர்கள் காய்ந்தன. வடக்குச் சுவர் மட்டும் அழுதுகொண்டே இருந்தது. அரைத்தூக்கத்தில், அது என்னைப் பார்த்துத்தான் அழுகிறது என்று தோன்றும்.

கடைசி நாள் பேச்சியம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்குப் பதிலா எத்தன வண்டி விறகுங்க எரிப்பீங்க?"

இன்ஜினியரின் பேனா

இன்ஜினியர் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார், கைக்குட்டையில் துடைத்தார், ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார். நாளைக்கு இந்த இடத்தில் மஞ்சு மட்டும்தான் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது.

"ஐயா, சுவர் மேல தப்பில்லைங்க. சிமெண்ட் பூசினது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள், வாசலில் நின்றிருந்த பேச்சியம்மா உள்ளே வந்து உளியை எடுத்துச் சிமெண்டை ஒரு முழத்துக்குப் பெயர்த்துப் போட்டாள். உள்ளே பழைய கல்லும் காரையும் அப்படியே இருந்தன. தட்டினால் கணீர் என்றது. இன்ஜினியர் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"கட்டடம் திடமாத்தான் இருக்கு. இடிக்கிறதா இருந்தா மேஸ்திரியைத்தான் இடிக்கணும்."

எனக்கு மெமோ வந்தது, ரீடிங் ரூமுக்குச் சுண்ணாம்பு வந்தது. பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது என்றால் பாதி நேரம் அதை நம்மிடமிருந்து காப்பாற்றுவதுதான் என்று எனக்கும் ஒருவழியாகப் புத்தி வந்தது.