எனக்குப் பிடிக்காத கண்டக்டர்

நடந்ததை அப்படியே இந்தக் குழுவில் எழுதுகிறேன், எதையும் மாற்ற மாட்டேன்.

நாளை போட்டிக்குக் கதை கொடுக்க வேண்டும். "இந்தக் கண்டக்டரை யாருக்குடீ பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டாள், என் கதையைப் படித்த தோழி ஸ்ரீஜா.

கரமனை போகும் பஸ்ஸின் நிஜக் கண்டக்டர் இன்றும் சலுகைக் கட்டண மாணவர்களான எங்களை மழையில் நிறுத்திவைத்தார். "கன்செஷன் பிள்ளைங்க கடைசியில கேறினா போதும்!"

ஏறியதும் அவர் போனில் மகளிடம் கெஞ்சுவது கேட்டது. "அழாதே மோளே. நீ மேடையில ஆடுறதுக்கு முன்ன அப்பா வந்துருவேன், கேட்டோ."

அதன்பின் ஒவ்வொரு சிக்னலும் பச்சையாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் நிறுத்தத்தில் அவருக்காகவே அவசரமாக இறங்கினேன்.

"வேகம் இறங்கு, கழுதே!" என்றார்.

கதையில் அவரை நல்லவராக்கவில்லை. அந்தப் போன் பேச்சை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

போதுமா, சொல்லுங்கள். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள், உங்கள் பதில்களை இருட்டில் போனில் படிப்பேன்.