கறுப்புப் பொட்டு ஒட்டிய இடங்கள்

போன வாரம் மத்தியானம், சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில் ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், உங்க நம்பரை மாத்தாமலே எங்க நெட்வொர்க்குக்கு வந்துரலாம். உங்க ஏரியால ஃபுல் சிக்னல், ஸ்பீடும் ஜாஸ்தி, செலவும் கம்மி" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இப்படி வருகிற அழைப்புகளை நான் பாதியிலேயே துண்டித்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ துண்டிக்கத் தோன்றவில்லை. "எந்த ஊரும்மா நீ?" என்றேன். அம்பாசமுத்திரம் பக்கம் என்றாள். "சரி, உங்க வீட்ல உங்க கம்பெனி சிக்னல் கெடைக்கா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. ஒரு காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் அப்படி விழித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. செல்போன் திருநெல்வேலிக்கு வந்த புதிது. வண்ணார்பேட்டையில் மிக்ஸியும் மேசை மின்விசிறியும் விற்றுக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர், கடையில் பாதியைத் தடுத்துக் கண்ணாடி போட்டுச் செல்போன் ஏஜென்சி எடுத்தார். அதில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு, ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்ட வேலை என்பதால் அப்பா சம்மதித்தார். கடை முழுக்கத் தெர்மோகோல் வாசனை அடிக்கும். இன்றைக்கும் வீட்டில் எந்தப் புதுப் பெட்டியைப் பிரித்தாலும் நான் ஒரு நிமிஷம் வண்ணார்பேட்டைக்குப் போய்த்தான் திரும்பி வருவேன்.

அன்றைய போனைக் கைப்பையில் போட்டால் தோள் இழுக்கும். பேசினாலும் காசு, அடுத்தவர் பேசுவதைக் கேட்டாலும் காசு. டவுணில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், போன் அடித்தால் எடுத்து நம்பரைப் பார்ப்பார், பிறகு அதை அணைத்துவிட்டு எதிரே எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய் அங்கிருந்து பேசுவார். பையில் இருப்பது வெளியே தெரியவேண்டும் என்றே மெல்லிசு வெள்ளைத் துணியில் சட்டை தைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களைச் சொல்வானேன், போனைக் கையில் பிடித்தபடி ஜங்ஷன் வழியாக நடக்கையில் நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

கம்பெனி ஒரு படம் அனுப்பியிருந்தது. பளபளவென்று பெரிய தாள். பாபநாசம் அணையிலிருந்து ஆறு கடலில் சேர்கிற இடம் வரைக்கும் ஒரே பச்சை. பச்சை அடித்த இடமெல்லாம் சிக்னல் உண்டு என்று அர்த்தம். அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்: "எம்மா, யாரு வந்து கேட்டாலும் படத்தக் காட்டு. உண்டுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காண்டாம்." வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத வித்தை. ஆனாலும் முதல் மாசம் சொன்னபடி செய்தேன்.

கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி ஒருவர் என்னிடம்தான் போன் வாங்கினார். நான்தான் படத்தைக் காட்டினேன். எட்டாவது நாள் திரும்பி வந்து போனை மேசைமேல் வைத்தார். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தாயி, ஆத்துப் பாலத்து மேல ஏறி நின்னா ஒரு கோடு வருது. எறங்கி வந்தா போயிருது. நா அப்பளம் விக்கவா, பாலத்துல போயி நிக்கவா?" அண்ணாச்சி உள்ளே எழுந்து போய்விட்டார். கம்பெனிக்காரன் சொன்ன பொய்க்கு வாய் மட்டும் என்னுடையது என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

எதிர்வாடையில் இன்னொரு ஏஜென்சி இருந்தது. போட்டிக் கம்பெனி. அந்தக் கடைக்காரருக்கும் எங்கள் அண்ணாச்சிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே வேலை பார்த்தவள் சகாயமேரி. உவரிப் பக்கம் கடற்கரை ஊர், அப்பாவுக்கு மீன்பிடித் தொழில், பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சாயங்காலம் இருவரும் ஒரே டவுண் பஸ்ஸுக்கு நிற்போம். அப்பள வியாபாரி கதையைச் சொன்னேன். சிரித்தாள். "எட்டி, எங்க படம் நீலம். கடலுக்குள்ளயும் அடிச்சிருக்கான். எங்கப்பா வலை போடுத எடத்துல கூட சிக்னல் இருக்காம்" என்றாள். அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் வைத்துத்தான் நாங்களே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லிக் கடைப் போனை வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவளும் அதே பொய்யைச் சொல்லிக் கொண்டுவருவாள். இரண்டு கம்பெனிப் போனோடு ஜங்ஷனில் பாபநாசம் பஸ் ஏறி ஜன்னலோரமாக உட்காருவோம். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஒவ்வொரு ஊரிலும் அவள் எனக்கு அடிப்பாள், நான் அவளுக்கு அடிப்பேன். மணி அடித்தால் போதும், எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் காசு. நம்பரைப் போட்டதிலிருந்து மணி அடிக்கிற வரை வாய்விட்டு எண்ணுவோம். டவுணுக்குள் எங்களுடையது எட்டு எண்ணுவதற்குள் அடித்துவிடும், அவர்களுடையது இருபதைத் தாண்டும். மேற்கே போகப் போக நிலைமை தலைகீழ். வேகம் என்றால் அன்றைக்கு எங்களுக்கு அதுதான்.

பின் சீட்டுக்காரர் ஒருவர் அதை ரேடியோ என்று நினைத்துக் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். கூடை வைத்திருந்த ஒரு அம்மா, முக்கூடல் விலக்கிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு வந்தவள், பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒரே சீட்ல இருந்துக்கிட்டு எதுக்குத்தா போன்ல அடிச்சுக்கிடுதிய? வாயால பேசுனா ஆகாதா?" சகாயத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

இப்படி ஐந்தாறு ஞாயிறு. ஒருமுறை மாஞ்சோலை பஸ்ஸிலும் ஏறினோம். மணிமுத்தாறு தாண்டி மலையில் ஏறத் தொடங்கியதும் இரண்டு போனும் செத்தது செத்ததுதான், திரும்பிக் கீழே வருகிற வரை உயிர் வரவில்லை. இன்னொருமுறை சேரன்மகாதேவியில் இறங்கினோம். ஊருக்குள் இரண்டுமே ஊமை. கால் நனைக்கலாம் என்று ஆற்றுக்குப் போனபோது, படித்துறை அரசமரத்தடியில் சகாயத்தின் போன் தானாக உயிர் பெற்று மூன்று கோடு காட்டியது. பத்து எட்டு தள்ளி வந்தால் போயிற்று. அவள் மரத்தடிக்கும் தெருவுக்கும் நாலு தடவை நடந்து பார்த்தாள்.

கம்பெனிப் படத்தின் இன்னொரு பிரதி கடையில் கிடந்தது. அதில் என் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டினேன். எங்கள் சிக்னல் கிடைக்கும் இடத்தில் சிவப்பு, அவர்களுடையதற்கு நீலம், இரண்டும் இல்லாத இடத்தில் கறுப்பு. மாஞ்சோலைக்காக மட்டும் கறுப்பில் தனியாக ஒரு அட்டை வாங்க வேண்டியிருந்தது. கடைப் பீரோக் கதவின் உள்பக்கம் அதை ஒட்டிவைத்து, ஊர் பேரைச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டினேன். மேற்கே இருப்பவர்களை எதிர்க்கடைக்குப் போகச் சொன்னேன். சகாயம் டவுண் வியாபாரிகளை, அங்கேதான் டவுணுக்குள் சீக்கிரம் கிடைக்கும், நிமிஷத்துக்குக் காசும் குறைவு என்று இந்தப் பக்கம் அனுப்பினாள். அண்ணாச்சி பொட்டுகளைப் பார்த்தும் கிழிக்கச் சொல்லவில்லை. திரும்பி வந்து சண்டை போடுகிறவர்கள் குறைந்திருந்தார்கள் அல்லவா?

ஒரு நாள் இசக்கிமுத்து வந்தார். சேரன்மகாதேவியில் பழைய வேன் ஒன்றை வைத்துப் பிரசவத்துக்குப் பெண்களைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் ஊரில் ஒரு மளிகைக் கடைப் போன்தான். "கடைய மத்தியானம் சாத்திருதாங்கம்மா. போன மாசம் ஒரு பிள்ளைக்கு வலி வந்து, போன எடுக்க ஆளில்லாம பஸ்ல ஏத்திட்டாங்க. பேட்டை ரயில்வே கேட்ல பஸ் நிக்கையிலயே பெத்துட்டா. ரெண்டு உசுரும் பொழச்சது சாமி புண்ணியம். எனக்குன்னு ஒரு போன் இருந்தா நா வந்திருப்பேம்லா?" என்றார். பணத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

அன்று பார்த்துக் கம்பெனி அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்து அண்ணாச்சியோடு கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் பார்வை முதுகில் படுவதும் தெரிந்தது. பச்சைப் படத்தைக் காட்டி ‘உண்டு’ என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் கழிந்துபோயிருக்கும். நான் பீரோவைத் திறந்தேன். "அண்ணே, எங்க போன் உங்க ஊர்ல எடுக்காது. எதிர்க்கடைல வாங்குங்க. அதும் ஊருக்குள்ள எடுக்காது. வண்டிய படித்துறை அரசமரத்தடில நிறுத்துங்க, அங்கன மூணு கோடு இருக்கு" என்றேன். அவர் ரோட்டைக் கடந்து போவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரி எழுந்து வந்து பொட்டுகளைப் பார்த்தார். "யாரும்மா இதை ஒட்டினது? உனக்கு யார் சம்பளம் தர்றாங்க?" என்றார். வெள்ளைத் தாள் ஒன்றை முன்னால் வைத்து, தப்பான தகவல் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். பேனாவை எடுத்தேன். ‘இந்தப் படத்தில் உள்ள பொட்டுகள் எல்லாம் நான் நேரில் போய்ப் பார்த்து ஒட்டியவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணாச்சி என் டிபன் பாக்ஸையும் சுருட்டிய படத்தையும் வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார். "நீ சொன்னது சரிதாம்மா. சரியச் சொல்லுத ஆள வச்சுக்கிட்டு எனக்குக் கடை நடத்த முடியாதுல்லா" என்றார். அவரை நான் திட்டவில்லை. என் கோபமெல்லாம் சகாயத்தின் மேல் போனது. விஷயம் பரவி எதிர்க்கடையிலும் அதே மாதிரிக் கடிதம் கேட்டிருக்கிறார்கள், அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். "எட்டி, அப்பா படகு உடைஞ்சு கெடக்கு. வீட்ல என் சம்பளம்தான் அடுப்பு எரிக்கி" என்றாள். எனக்கு அப்பா சம்பளம் இருந்தது, வீறாப்புக் காட்ட முடிந்தது. அது உறைக்கிற வயதில்லை. அதன்பிறகு அவள் நிற்கிற பஸ் ஸ்டாப் பக்கமே நான் போகவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற மன்னிப்புக் கடிதம், அவளுக்கு நான் எழுதாமல் விட்டதுதான்.

இரண்டு மாசம் கழித்து இசக்கிமுத்துவின் வேன் எங்கள் தெருவில் வந்து நின்றது. கடையில் விசாரித்து வந்திருக்கிறார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை அம்மா கையில் கொடுத்தார். "இது வரைக்கும் மூணு பிள்ளைய. அரசமரத்தடிலதான் நிக்கேன். மத்தியானச் சாப்பாடும் அங்கனதான்" என்றார். என் வேலை போன கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த இரண்டு கம்பெனியும் இப்போது இல்லை. ஒன்றை ஒருவன் வாங்கினான், அவனை இன்னொருவன் வாங்கினான், பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் பிரியாணி விற்கிறார்கள். பூத்துகள் போயின, எட்டு எண்ணி மணிக்காகக் காத்திருந்ததும் போயிற்று. சகாயம் கல்யாணமாகி எந்தக் கரைக்குப் போனாளோ, அவளுடைய அன்றைய நம்பர் இன்னும் என் விரலில் இருக்கிறது, அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. படத்தைக் கரையான் தின்றுவிட்டது. இதெல்லாம் போகட்டும். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ‘உங்க ஊர்ல எடுக்காது, வாங்காதீங்க’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தது போனதைத்தான் என்னால் விட முடியவில்லை.

போனில் அந்தப் பெண் கடைசியில் தொண்டையைச் செருமினாள். "மேடம், இந்தக் கால் ரெக்கார்டு ஆகுது" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"ஆகட்டும்மா. நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சொல்லுதேன், கேக்கவன் கேக்கட்டும்" என்றேன். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, ஜங்ஷனில் பஸ் ஏறுகிற மாதிரி வரிசையாக ஆரம்பித்தேன். அவர்கள் கம்பெனி போன் வீரவநல்லூரில் என் தங்கை வீட்டு அடுக்களையில் எடுக்காது. பாபநாசத்தில் கோயிலுக்குப் பின்னால் ஆற்றில் இறங்கினால் எடுக்காது. மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் எடுக்கவே எடுக்காது. மூச்சு வாங்க நிறுத்தினேன். அவள் போனை வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

வைக்கவில்லை. "எங்க சிங்கம்பட்டியும் மேடம்" என்றாள், பைய.